ஒரு கோலுக்குப் பதினான்கு எட்டு

அருளப்பன்துறைக்காரர்களிடம் கடல் எப்போது ஊருக்குள் வரத் தொடங்கியது என்று கேட்டால் தேதி சொல்ல மாட்டார்கள், ஸ்கோர் சொல்வார்கள். மாவட்டக் கால்பந்து லீக்கின் மூன்றாவது டிவிஷனில், அந்த சீசனின் முதல் ஆட்டத்தில், மலையடிவாரத்து ரப்பர் தோட்ட அணியை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துவிட்டு, நான்கு வருடத்தில் கிடைத்த முதல் வெற்றி என்பதால் வேன் கூரையில் ஏறிப் பாடிக்கொண்டே பையன்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் விடியும்போது கடல் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து, காலடி வைத்து அளந்தால் பதினான்கு எட்டு முன்னால் வந்து, அலையைக்கூட உயர்த்தாமல், பந்தியில் சாப்பிட்டு முடித்தும் எழுந்துபோகாத ஆளைப்போல அமைதியாக இருந்தது. சந்திரனைப் பார்த்தார்கள், காற்றைப் பார்த்தார்கள், வலைகளைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு கோல். மறுநாள் காலை இருபத்தெட்டு எட்டு.

மூன்று கோல்களையும் அடித்தவன் ரெமிஜியூஸ். வயது இருபத்தைந்து, வள்ளத்தில் போகிறவன், பேச்சு குறைவு, இடது காலால் அடித்தால் பந்து எங்கே போகவேண்டும் என்று அவன் நினைத்தானோ அங்கே போகும். கோல்கீப்பரும் கேப்டனும் ஜோர்பின், ரெமிஜியூஸின் அக்காள் டெலிமாவின் கணவன். மச்சான் கோல் விடமாட்டான், மைத்துனன் கோல் அடிப்பான், ஒரே குடும்பத்தில் இரண்டு கம்பத்தையும் வைத்திருக்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அக்காள் வீடு கடலுக்கு முன்வரிசையில் இருந்தது. முன்வரிசையில் மொத்தம் ஏழு வீடுகள்.

மூன்றாவது ஆட்டத்தில் ரெமிஜியூஸ் அடித்த கோலை ஆஃப்சைடு என்று ரெஃப்ரி தள்ளிவிட்டார். மறுநாள் கடல் ஒன்பது எட்டு வரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்று, பின் வந்த வழியே திரும்பிப்போனது. அதற்குப்பிறகு ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கடலுக்கு ரெஃப்ரி சொன்னால் போதும் என்று தெரிந்துபோனது. ஊர் மைதானத்தில் பயிற்சிக்கு அடிக்கிற கோல்களை அது கண்டுகொள்வதில்லை, நட்பு ஆட்டங்களைக் கண்டுகொள்வதில்லை, லீக்கில் எழுதப்படும் கோல்தான் கணக்கு என்பதையும் ஒரே வாரத்தில் சோதித்துத் தெரிந்துகொண்டார்கள். நாம் அடித்தால் வருகிறது என்றால் நமக்கு அடித்தால் போகும் என்று யாரோ சொல்ல, நான்காவது ஆட்டத்தில் ஜோர்பின் வாழ்க்கையில் முதல்முறையாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று நான்கு கோல்களை உள்ளே விட்டான். கடல் அசையவில்லை. வந்த இடத்தில் வந்தபடி இருந்தது. ஜோர்பின் மட்டும் மூன்று நாள் யாரோடும் பேசாமல் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் வள்ளங்களை மேலே இழுத்துக் கட்டுவது வழக்கமானது. டீக்கடைக்காரர் எதிரணியின் டிஃபென்ஸ் எப்படி என்று விசாரித்து அதற்குத் தக்கபடி பெஞ்சுகளைப் பின்னால் நகர்த்தினார். லீக் அட்டவணையைப் பார்க்காமல் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதில்லை. முன்வரிசைப் பெண்கள் எதிரணிக் கோல்கீப்பரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவன் இந்துவானாலும் முஸ்லிமானாலும் அவன் கை வழுக்கக்கூடாது என்று ஜெபமாலை சொன்னார்கள். பின்வரிசைக்காரர்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். ஏனென்றால் பின்வரிசைக்காரர்களுக்கு, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், ஜெயிக்கிற ருசி பிடித்துவிட்டது.

பதினொரு வருடமாக ஊர் ஒன்றைக் கேட்டு மனுப்போட்டுக்கொண்டிருந்தது. கடலுக்குள் கை நீட்டியதுபோலக் கல்லைக் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு. அது இருந்தால் கடல் வந்து தரையைத் தின்னாது. நான்காவது ஆட்டம் முடிந்த வாரத்தில், பதினொரு வருடத்தில் முதல்முறையாக, ஒரு என்ஜினீயர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, கோவில் படியிலிருந்து தண்ணீர் வரை டேப் பிடித்து அளந்தார்.

"நூத்தி முப்பது மீட்டர். கோவிலுக்கும் கடலுக்கும் அம்பது மீட்டருக்குள்ள வந்தாத்தான் அவசரப் பட்டியல்ல சேரும். எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. விதி அப்படி" என்றார்.

ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார்தான் கிளப்பின் மேனேஜரும். ஐஸ் லாரி ஓட்டுகிறவர். "அம்பது ஆனா?" என்று கேட்டார்.

"ஆனா ஒரு மாசத்துல கல்லு வந்திரும். அதுக்கு நான் பொறுப்பு."

பதினான்கு எட்டு என்பது டேப்பில் சரியாகப் பத்து மீட்டர். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர், "எட்டு கோலு" என்றார். என்ஜினீயர் புரியாமல் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் கமிட்டி கூடியது. ஐந்து ஆட்டம் மிச்சம் இருந்தது, எட்டு கோல் வேண்டியிருந்தது. எட்டு கோல் அடித்தால் முன்வரிசை ஏழு வீடும் போகும், பின்னால் இருக்கிற நூற்றுச்சொச்சம் வீடும் கோவிலும் பள்ளிக்கூடமும் நிற்கும். அடிக்காமல் இருந்தால் கடல் நின்ற இடத்தில் நிற்குமா என்று கஸ்பார் கேட்டார். மழைக்காலத்தில் அது தன்பாட்டுக்கு வருகிற வருகை எல்லோருக்கும் தெரியும், இன்னும் பத்துவருடத்தில் எல்லாம் போய்விடும், அப்போது அளக்க டேப்பும் இருக்காது, அளந்துபார்க்கக் கோவில் படியும் இருக்காது என்றார். முன்வரிசையின் ஆறு குடும்பங்கள் பள்ளிக்கூட அறைகளுக்கு மாறச் சம்மதித்தன. ஏழாவது குடும்பத்துக்காக டெலிமா எழுந்தாள்.

"நான் வரேல்ல."

"ஏன் மக்ளே? ஒனக்கும் புது வீடு கெட்டித்தருவோம். ஊரு சேந்து கெட்டும்" என்றார் கஸ்பார்.

"வரேல்லண்ணு சொன்னேன்லா" என்று சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

காரணம் நான்கு பேருக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் டெலிமாவுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது, அழாமல் பிறந்தது. ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இருக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் வைப்பதில்லை, மதிலோரமாக வைக்கலாம் என்று ஃபாதர் சொன்னார். மதிலோரமாக எதுக்கு, எனக்க பிள்ளை எனக்க பக்கத்தில் கிடக்கட்டும் என்று டெலிமா சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் புன்னை மரத்துக்கும் நடுவில், ஜோர்பினும் ரெமிஜியூஸும் குழி வெட்டினார்கள். பெயர் வைக்கவில்லை, சிலுவை நடவில்லை, கிளிஞ்சல் மட்டும் சுற்றி அடுக்கியிருந்தது. டெலிமா தினமும் சோறு வடித்த கஞ்சியை ஆற்றி அந்தப் புன்னைக்கு ஊற்றுவாள். பார்க்கிறவர்களுக்கு மரத்துக்குத் தண்ணீர் விடுகிறாள் என்றே தோன்றும்.

ரெமிஜியூஸ் கமிட்டியில் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் மைதானத்தில் பந்து காலுக்கு வந்தால் அந்தக் கால் அவனைக் கேட்பதில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தான், ஆறாவதில் ஒன்று. ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல் விழுந்தது, அதில் இரண்டு அவனுடையது. எட்டாவதில் ஒன்று. ஒவ்வொரு மறுநாள் காலையும் கடல் சத்தம் போடாமல் வந்தது. முதலில் மணலைத் தாண்டியது, பிறகு வலைக்கொட்டகையை, பிறகு சிலுவை நின்ற குருசடியை, பிறகு முன்வரிசையில் காலியாகிவிட்ட ஆறு வீடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. ஊர்க் கடற்கரை முன்வரிசைக்குக் கோணலாக இருந்ததால் டெலிமாவின் வீடு கடைசியாக நின்றது. ஏழு கோல் ஆன காலையில் வாசல்படியின் கீழ்க்கல்லைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. கோவில் படிக்கு அறுபது மீட்டர். அருளப்பன்துறை அட்டவணையில் முதலிடம், ஒரு ஆட்டம் பாக்கி, ஜெயித்தால் இரண்டாவது டிவிஷன்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ரெமிஜியூஸ் அக்காள் வீட்டுக்குப் போனான். முன்வாசலில் கடல் இருந்ததால் பின்பக்கமாகப் போனான். டெலிமா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எடுத்துக் கொண்டுபோயிருவோமா? ஃபாதர்கிட்ட நான் பேசுதேன். மதிலோரம் வேண்டாம், நடுவுலேயே இடம் கேப்போம்."

"எதை எடுப்ப?" என்றாள் டெலிமா. நிமிர்ந்து பார்க்கவில்லை. "மூணு வருசம். உப்பு மண்ணு. அன்னைக்கு ஒரு சாளைமீன் பொதி அளவுக்குத்தான் இருந்தான். தோண்டினா என்ன இருக்கும் அங்க? ஒண்ணுமில்லண்ணு நான் பாக்கணுமா?"

அவன் புன்னை மரத்தடியைப் பார்த்தான்.

"அவன் அங்க கெடக்குதான்னு நெனச்சிட்டுத்தான் நான் கெடக்கேன். போ. நாளைக்கு மேட்ச் இருக்குல்லா."

கடைசி ஆட்டம் மாவட்டத் தலைநகரின் ஸ்டேடியத்தில். ஊரில் நோயில் படுத்துக் கிடந்தவர்களைத் தவிர எல்லோரும் வேன்களிலும் ஐஸ் லாரியிலும் போனார்கள். முன்பெல்லாம் ஆட்டத்துக்கு வராத டெலிமாவும் வந்து, பெண்கள் கூட்டத்தில் கடைசியாக, வெயிலில் உட்கார்ந்தாள். எதிரணி நகராட்சிப் பையன்கள், வேகமானவர்கள். ஜோர்பின் அன்று பிடித்த பந்துகளைப் பற்றி இன்றும் பேசுவார்கள். ரெமிஜியூஸின் ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவன் பந்துக்குப் பின்னால் ஓடினான், ஆனால் அடைய அல்ல. பந்து காலுக்கு வந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டிவிட்டான். எண்பதாவது நிமிடம் வரை கோல் இல்லை. எண்பத்தெட்டாவது நிமிடம், எதிரணிப் பையன் ஒருவன் தன் கோல் முன்னால் பந்தைக் கையால் தடுத்துவிட்டான். ரெஃப்ரி பெனால்டிப் புள்ளியைக் காட்டினார்.

அருளப்பன்துறை முழுக்க எழுந்து நின்றது, பிறகு சத்தம் அடங்கியது. பெனால்டி அடிப்பவன் எப்போதும் ரெமிஜியூஸ். அவன் பந்தைக் கையில் எடுத்தான், புள்ளியில் வைத்தான், இரண்டு எட்டு பின்னால் போனான். பிறகு இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான்.

"அடி லே" என்றார் கஸ்பார் கோட்டுக்கு வெளியிலிருந்து, தாழ்ந்த குரலில். கேட்டுக்கொள்வதுபோல இருந்தது.

ரெமிஜியூஸ் தலையை ஆட்டினான். அப்போது மைதானத்தின் அந்தக் கடைசியிலிருந்து ஜோர்பின் தன் கோலை விட்டு நடந்து வந்தான். ஓடவில்லை. கையுறைகளைக் கழற்றிக்கொண்டே, நூறு மீட்டரையும் நடந்தான். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார். ஜோர்பின் கையுறைகளை ரெமிஜியூஸிடம் கொடுத்தான்.

"மச்சான், வேண்டாம்" என்றான் ரெமிஜியூஸ்.

"நீ அடிச்சா அவ ஒனக்க மூஞ்சில முழிக்கமாட்டா. ஒனக்கு அக்கா வேணும் லே. நான் புருசன். பேசாம இருந்தாலும் சோறு போட்டுத்தான் ஆவணும்."

"நீயும் அப்பன்தானே."

"அதனாலதான் வேற எவனும் அடிக்கண்டாம்ணு சொல்லுதேன்."

கோல்கீப்பர்கள் அடிப்பதுபோல, கால்விரல் நுனியால், நேராக, உயரமில்லாமல் அடித்தான். பந்து எதிரணிக் கோல்கீப்பரின் காலில் பட்டு உள்ளே உருண்டது. அதைவிட மெதுவாக ஒரு கோல் அந்த ஸ்டேடியத்தில் விழுந்திருக்காது. டெலிமா அதற்குள் எழுந்து பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் விடியும்போது ஊர் அவள் வீட்டுக்குப் பின்னால், தூரத்தில் நின்றது. டெலிமா புன்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஜோர்பின் அவளுக்குப் பின்னால் நின்றான், தொடவில்லை. கடல் வீட்டுக்குள் முன்வாசல் வழியாக வந்து, அறைகளைக் கடந்து, பின்வாசல் வழியாக இறங்கி, துவைக்கிற கல்லை மூடி, கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாகக் கிளப்பிப் புரட்டிவிட்டது. அவள் மடி நனைந்த பிறகுதான் எழுந்தாள். எழுந்தபோது ஒரு பெயரைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்தக் காலையில் காற்று இல்லாததால் எல்லோருக்கும் கேட்டது. ஃபாதருக்கும் கேட்டது. அவர் அங்கேயே, ஈரமணலில், முழங்காலிட்டார். அதற்குப்பிறகு ஒவ்வொருவராக.

என்ஜினீயர் சொன்ன சொல் காத்தார். வந்து அளந்தார், சரியாக ஐம்பது. ஒரு மாதத்தில் லாரிகள் வந்தன. பாறைகள் வந்தன, வளைவு கடலுக்குள் நீண்டது, மழைக்காலம் முழுக்கக் கடல் அதில் முட்டிமுட்டித் திரும்பியது. ஊர் ஏழு வீடுகளைக் கோவிலுக்குப் பின்னால் கட்டிக்கொடுத்தது. டெலிமாவுக்குக் கொடுத்தது நல்ல வீடு, ஓட்டுக்குப் பதில் கான்கிரீட். ஜோர்பின் சொன்னதுபோலவே அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. தவக்காலம் முழுக்கப் பேசவில்லை. உயிர்த்த ஞாயிறன்று, "ஒனக்கு அன்னைக்குக் கால் நொந்துச்சா?" என்று கேட்டாள். ஜோர்பின் இல்லை என்றான், பிறகு ஆமாம் என்றான், பிறகு சோற்றுத்தட்டின் முன்னால் அழுதான்.

அடுத்த சீசன் ஜூனில் தொடங்கியது. இரண்டாவது டிவிஷன், புது ஜெர்ஸி. முதல் ஆட்டத்தில் கோல் அடிக்க ரெமிஜியூஸுக்குப் பயம் இருந்தது, ஆனாலும் கால் அவனைக் கேட்கவில்லை. இரண்டு கோல். மறுநாள் காலை ஊரே வளைவின் கற்களில் ஏறி நின்று பார்த்தது. கடல் வரவில்லை. ஒரு எட்டுகூட வரவில்லை. பெண்கள் சிலுவை போட்டார்கள், கஸ்பார் கற்களின்மேல் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கும்படி, சிறுபிள்ளையைப்போலக் காலை ஆட்டினார். டீக்கடைக்காரர் பெஞ்சுகளைத் திரும்ப முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்.

பதினோரு மணிக்கு மேற்கிலிருந்து மீன்காரி ஒருத்தி கூடையோடு வந்தாள். ஒரு மைல் தள்ளி இருக்கிற சூசைக்குடியில் விடியும்போது கடல் இருபத்தெட்டு எட்டு உள்ளே வந்துவிட்டதாகவும், எட்டு வீடும் வள்ளங்களை ஏற்றிவைக்கிற ஒரு புரையும் போய்விட்டதாகவும், அலையே இல்லாமல் எப்படி வந்ததென்று அந்த ஊருக்குப் புரியவில்லை என்றும் சொன்னாள். சூசைக்குடியில் கிளப் இல்லை. அந்த ஊரில் யாரும் கால்பந்து ஆடுவதில்லை.

கற்களின்மேல் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இறங்கினார்கள். அன்று சாயங்காலம் கமிட்டி கூடவில்லை. மறுநாளும் கூடவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சூசைக்குடிக்காரர்களிடம் யாரும் எதையும் சொல்லிவிடக்கூடாது என்பது மட்டும் வார்த்தை இல்லாமலே முடிவாகியிருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் ரெமிஜியூஸுக்கு முன்னால் வெறும் கோல் இருந்தது, கீப்பர் விழுந்து கிடந்தான். ரெமிஜியூஸ் பந்தை நிறுத்தினான். திரும்பி, தன் பக்கம், ஜோர்பினை நோக்கி நீளமாக உதைத்துவிட்டான். வெறும் கோலுக்கு முன்னால் அவன் கால் அவனைக் கேட்டது அது ஒருமுறைதான். ஊர் கூச்சலிட்டது. கஸ்பார் அவனை வெளியே இழுத்து, அவன் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவனை இறக்கினார். "எனக்கு மட்டும் தெரியாதா லே? தெரிஞ்சு என்ன செய்யேது? நம்ம ஊரு முதல்ல நிக்கட்டும்" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். அந்தப் புதியவன் எழுபதாவது நிமிடத்தில் தலையால் ஒன்று அடித்தான். நல்ல கோல்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ரெமிஜியூஸ் கரையோரமாக மேற்கே நடந்தான். சூசைக்குடி எல்லையை அடையும்போது வெளுத்திருந்தது. கடல் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் பெண்கள் பாத்திரங்களையும் பாயையும் தலையில் வைத்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், நனைந்த சேலையோடு, இடுப்பில் யாருடைய பிள்ளையையோ வைத்துக்கொண்டு டெலிமா வந்தாள். தம்பியைப் பார்த்தாள். அவனைக் கடந்து மேட்டுக்குப் போனாள்.

ஒரு வீட்டின் முன் நடுவயதுக்காரர் ஒருவர் கதவை நிலையோடு பெயர்த்து, தனியாக இழுக்க முடியாமல் நின்றார். ரெமிஜியூஸ் தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"எந்த ஊரு நீ?" என்று அவர் கேட்டார்.

ரெமிஜியூஸ் ஊர்ப்பெயரைச் சொன்னான். பிறகு கோல் பற்றிச் சொன்னான், ஆஃப்சைடைப் பற்றிச் சொன்னான், எட்டு கோலையும் என்ஜினீயரையும் வளைவையும் நேற்றைய ஆட்டத்தையும் பற்றிச் சொன்னான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. தண்ணீர் அவர்கள் தொடை வரை ஏறியது. அந்த மனிதர் கடைசிவரை கேட்டார். அவனை அடிப்பார் என்று நினைத்தான், அடித்தால் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தான்.

அவர் கடலைப் பார்த்தார், அருளப்பன்துறைப் பக்கம் வெள்ளையாகத் தெரிந்த கற்களைப் பார்த்தார்.

"அந்த முனையைப் பிடி" என்றார். "நிலை மொதல்ல கரை ஏறட்டும். அதுக்குப்பொறவு நாம உனக்க ஊருக்குப் போவோம்."